சிலை கூடாது என்ற மக்கள், ஆலயத்துத் தொட்டியைக் காளைகளின் மேல் வைத்தது ஏன்?

இஸ்ரவேலரின் அரசன் சாலொமோன் எருசலேமில் கட்டிய ஆலயத்தைப் பற்றிய கேள்வி இது. எந்த உருவத்தையும் செய்து வணங்கலாகாது என்று கட்டளை பெற்றவர்கள், காளையையும் சிங்கத்தையும் வெண்கலத்தில் வார்த்து ஆலயத்தில் வைத்தது முரண் அல்லவா, அவற்றுக்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முரண்தான் என்று எண்ணியவர்கள் அந்தச் சமூகத்திலேயே இருந்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியரான ஜோசபஸ், தொட்டியின் கீழிருந்த காளைகளையும் அரியணையைச் சூழ்ந்த சிங்கங்களையும் சாலொமோனின் குற்றங்களோடு சேர்த்தே எழுதினார். நான் அவர் பக்கம் இல்லை. வேதாகமத்தின் முதலாம் இராஜாக்கள் நூலின் 7ஆம் அதிகாரம், மும்மூன்றாக நான்கு திசைகளையும் நோக்கி, பின்புறத்தை உள்ளே வைத்து நின்ற 12 காளைகளை ஒரு குறையும் சொல்லாமல் வருணிக்கிறது. அதே நூலின் 12ஆம் அதிகாரம், சாலொமோனுக்குப் பின் வட இஸ்ரவேலை ஆண்ட யெரொபெயாம் பெத்தேலிலும் தாணிலும் நிறுத்திய பொன் கன்றுக்குட்டிகளைப் பாவம் என்கிறது. யெரொபெயாம் தன் கன்றுகளைக் காட்டி "உங்கள் தெய்வங்கள்" என்றான்; சாலொமோனின் காளைகளோ சுமை தாங்கிகள். அவற்றின் முதுகில் இருந்தது தெய்வம் அன்று, தண்ணீர்.

அந்தத் தண்ணீர்த் தொட்டியின் பெயரில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். தமிழ் வேதாகமம் "கடல்தொட்டி" என்று விளக்கிச் சொல்லிவிடுகிறது. எபிரெயத்தில் அது வெறும் "கடல்". குறுக்களவு 10 முழம், அதாவது ஏறத்தாழ நாலரை மீட்டர். விளிம்பு லீலி மலரைப் போல விரிந்திருந்தது. ஆசாரியர்கள் கழுவிக்கொள்வதற்கு என்று நாளாகமம் என்னும் வேதாகம நூல் அதன் பயனைச் சொல்கிறது. ஆனால் கழுவும் தொட்டிக்குக் கடல் என்று பெயரிடுவதற்கு வேறு காரணம் வேண்டும். வடக்கே சிரியக் கடற்கரையில் இருந்த பண்டைய நகரமான உகரித்தின் கதைகளில் கடல், புயல் தெய்வமான பாகாலோடு போரிட்டுத் தோற்ற தெய்வம்; சங்கீதங்களிலும் கர்த்தர் கடலின் கொந்தளிப்பை அடக்குகிறார். அடங்காத கடல், ஆலய முற்றத்தில் ஒரு பாத்திரத்துக்குள் அடங்கி நின்றது என்றே நான் வாசிக்கிறேன்.

சிங்கம், காளை, கேருபீன் என்னும் சிறகுள்ள காவல் உருவம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது, கொப்பரைகளைத் தாங்கிய 10 சக்கர வண்டிகளின் பக்கப் பலகைகளில். இவற்றை வார்த்த ஈராம் மத்தியதரைக் கடற்கரையில் இருந்த தீரு நகரத்தவன். தாய் நப்தலி கோத்திரத்து விதவை. அவன் கையாண்டது அந்தக் கரையோரம் முழுவதும் புழங்கிய வேலைப்பாடுதான். சைப்ரஸில் கிடைத்த, சாலொமோனுக்கு முந்தைய வெண்கல வண்டிகளிலும் சிங்க உடலும் மனிதத் தலையும் சிறகும் கொண்ட காவல் உருவங்கள் உண்டு. ஆகவே, ஒவ்வொரு விலங்குக்கும் இஸ்ரவேலருக்கே உரிய தனிப் பொருள் தேடுவது வீண்வேலை என்பது என் கருத்து. அவை காவலைக் குறித்தன. தூண்களில் தொங்கிய மாதுளைகள் செழிப்பைக் குறித்தன.

தனிப் பொருள் கிடைக்கும் ஒரே இடம், ஆலயத்துக்கு முந்தைய வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் ஏழு அகல் பொன்விளக்கு. தமிழில் "குத்துவிளக்கு" என்றிருப்பதால் சிறுவயதில் நம் வீட்டு விளக்கையே நான் கற்பனை செய்திருந்தேன். உண்மையில் அது தண்டிலிருந்து ஆறு கிளைகள் பிரியும் மரம். கிளைக்கு மூன்று, தண்டில் நான்கு என்று மொத்தம் 22 வாதுமை வடிவக் கிண்ணங்கள் அதில் இருந்தன. வாதுமைக்கு எபிரெயத்தில் ஷாகேத், விழித்திருப்பதற்கு ஷோகேத். தீர்க்கதரிசி எரேமியா தன் நூலின் முதல் அதிகாரத்தில் இந்தச் சொல் விளையாட்டையே தரிசனமாக்குகிறார். அந்நாட்டில் குளிர்காலம் முடியுமுன்பே பூத்துவிடும் மரமும் அதுதான். இரவெல்லாம் எரியும் விளக்குக்கு இதைவிடப் பொருத்தமான மரம் இல்லை.

பிற்காலத்தில், அசீரிய அரசனுக்குப் பணிந்திருந்த யூதாவின் அரசன் ஆகாஸ், வண்டிகளின் பலகைகளை அறுத்தெடுத்தான். தொட்டியையும் காளைகளின் மேலிருந்து இறக்கிக் கல் தளத்தின் மேல் வைத்தான். காளைகள் நீங்கிய பிறகும் பெயர் மாறவில்லை: கி.மு. 586இல் பாபிலோனியர் அதை உடைத்து வெண்கலத்தை அள்ளிச் சென்றதைச் சொல்லும் இடத்திலும் அது "கடல்" என்றே இருக்கிறது.