மயில்மாணிக்கம் நீலமாகப் பூக்குமா?

அன்புள்ள ஐயா,

சிவப்புப் பூக்கள் பறவைகளுக்கானவை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வேலியில் மயில்மாணிக்கம் படர்ந்திருக்கிறது. எல்லாம் சிவப்பு, இந்த வருடம் ஒரு கொடி மட்டும் வெள்ளையாகப் பூத்தது. அதற்கு உறவான மார்னிங் குளோரி பக்கத்து வீட்டில் நீலமாகப் பூக்கிறது. பறவைக்காக மயில்மாணிக்கம் நிறத்தை மாற்றிக்கொண்டது என்றால், தேனீக்காக ஒருநாள் மறுபடி நீலமாகுமா?

க., பட்டுக்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

வெள்ளையாகும், நீங்களே பார்த்துவிட்டீர்கள். நீலமாவது ஏறக்குறைய நடக்காத காரியம். ஏன் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

முதலில் அந்த 'பறவைக்காக'. எந்தச் செடியும் யாருக்காகவும் நிறம் மாறுவதில்லை. மரபணுவில் ஒரு பிழை தற்செயலாக நேர்கிறது, நிறம் மாறுகிறது. அந்த நிறத்தைத் தேடி வரும் விருந்தாளி அந்த ஊரில் இருந்தால் செடி பிழைத்துப் பெருகுகிறது. அமெரிக்காவில் மிமுலஸ் என்ற செடியில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். இளஞ்சிவப்பு இனத்துக்குத் தேனீ வரும், சிவப்பு இனத்துக்கு ரீங்காரச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்). பிராட்ஷா, ஷெம்ஸ்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் நிறத்தை ஆளும் ஒரே ஒரு மரபணுப் பகுதியை இரண்டுக்கும் இடையே மாற்றிவைத்தார்கள். ஆரஞ்சாக மாறிய தேனீப்பூவுக்கு ரீங்காரச்சிட்டுகளின் வருகை 68 மடங்கு கூடியது. இளஞ்சிவப்பாக மாறிய சிட்டுப்பூவுக்குத் தேனீக்களின் வருகை 74 மடங்கு. 2003இல் வெளியான ஆய்வு இது. பூவின் வடிவமும் தேனின் அளவும் அப்படியே இருந்தன, நிறம் மட்டும்தான் மாறியது.

இப்போது உங்கள் வேலிக்கு வருவோம். மயில்மாணிக்கம், கடற்கரை அடும்பு, சர்க்கரைவள்ளி, வள்ளைக்கீரை எல்லாம் ஐபோமியா என்ற ஒரே பேரினம். மயில்மாணிக்கத்தின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. அங்கே அதற்கு ரீங்காரச்சிட்டுகள் உண்டு. அதன் மூதாதையர் நீலமாகவோ ஊதாவாகவோ பூத்தவர்கள்.

நீலமும் சிவப்பும் வேறு வேறு சாயங்கள் என்றுதான் நாம் நினைப்போம். இரண்டும் ஆந்தோசயனின் என்ற ஒரே சாயக் குடும்பம்தான். ஐபோமியாவின் நீல, ஊதாப் பூவில் இருப்பது சயனிடின் வகை, மயில்மாணிக்கத்தில் இருப்பது பெலார்கோனிடின் வகை. மூலக்கூறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தால் ஒரு வளையத்தில் ஒரே ஒரு ஆக்சிஜன்தான் வித்தியாசம். அந்த ஆக்சிஜனைச் சேர்க்க ஒரு நொதி இருக்கிறது. பூவில் அது வேலை செய்யாவிட்டால், நீல வாய்க்காலின் மடையை அடைத்ததுபோல மூலப்பொருள் எல்லாம் பெலார்கோனிடின் பக்கம் ஓடிவிடும். பூ சிவந்துவிடும். அதாவது, சிவப்பு என்பது புதிதாகக் கிடைத்த திறமை இல்லை. இருந்த ஒன்றை இழந்ததால் வந்தது.

சரி, அந்த நொதியை மறுபடி இயக்கினால் நீலம் திரும்பாதா? ட்யூக் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா ஸுஃபாலும் மார்க் ரவுஷரும் மயில்மாணிக்கத்தில் இதைத்தான் ஆராய்ந்தார்கள். 2004இல் வெளியான முடிவு: ஆக்சிஜன் சேர்க்கும் நொதியின் மரபணு பூவில் மிகக் குறைவாகவே இயங்குகிறது. அதோடு, அடுத்த படியில் இருக்கும் டி.எஃப்.ஆர். என்ற நொதியும் மாறியிருக்கிறது. சயனிடினுக்கான மூலப்பொருளை அதன் கையில் கொடுத்தாலும் அதற்குக் கையாளத் தெரியவில்லை! முதல் நொதி நின்றுபோனபின் அந்த மூலப்பொருள் வரத்தே கிடையாது. அந்தத் திறன் சிதைந்தாலும் செடிக்கு நட்டமில்லை. ஆகவே மயில்மாணிக்கம் நீலமாக இரண்டு பிழைகளும் சேர்ந்து திருந்த வேண்டும். ஒன்று மட்டும் திருந்தினால் பயன் இல்லை, பயன் இல்லாததை இயற்கைத் தேர்வு பிடித்துவைப்பதும் இல்லை.

திரும்பி வந்த பூவும் உண்டு. நர்சரிகளில் தொட்டி தொட்டியாக விற்கும் பெட்டூனியாவின் காட்டு இனங்களைப் பாருங்கள். வெள்ளையாகப் பூக்கும் இனத்துக்கு இரவில் அந்துப்பூச்சிகள் வரும். அதில் ஏஎன்2 என்ற மரபணு உடைந்திருக்கிறது. இது சாயத்தைச் செய்யும் மரபணு அல்ல, இதழில் அந்த வேலையைத் தொடங்கச் சொல்லும் மரபணு. சாயம் செய்யும் நொதிகள் பத்திரமாக இருந்தன. தெற்குப் பிரேசிலில் பெட்டூனியா செக்ரெட்டா என்று அபூர்வமான ஓர் இனம், தேனீக்கள் வரும் இளஞ்சிவப்புப் பூ. பெர்ன் பல்கலைக்கழகக் குழு 2018இல் அதன் ஏஎன்2வைப் படித்தபோது பழைய உடைப்பின் தழும்பு அதிலும் இருந்தது. கூடவே இன்னொரு சடுதிமாற்றம் நேர்ந்து, மரபணு மறுபடி படிக்கத்தக்கதாகியிருந்தது. செத்த மரபணு உயிர்த்த கதை. முதன்முதலில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆக, நிறம் திரும்புமா என்பது எது உடைந்தது, அதன்பின் வேறு எவையெல்லாம் சிதைந்தன என்பதைப் பொறுத்தது.

உங்கள் வெள்ளைக் கொடியில் உடைந்தது எது என்று பூவைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்று செய்யலாம். மயில்மாணிக்கம் தன் மகரந்தத்தாலேயே காய்க்கக் கூடியது. வெள்ளைக் கொடியின் விதைகளை மட்டும் தனியாக எடுத்து அடுத்த பருவத்தில் ஊன்றுங்கள். எல்லாம் வெள்ளையாகப் பூத்தால் குணம் நிலைத்துவிட்டது. நடுவில் சிவப்பு வந்தால் பெரும்பாலும் பக்கத்துக் கொடியின் மகரந்தம் கலந்திருக்கிறது, சிவப்பு வெள்ளையை மறைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எத்தனை சிவப்பு, எத்தனை வெள்ளை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.