லேண்டிங் கியர் பலகை ஏன் பெயர்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் திருமங்கலத்துக்குத் தெற்கே வசிக்கும் பாலிடெக்னிக் மாணவன். பால்சா என்னும் மிக லேசான மரத்தில் செய்த, சுமார் 2 கிலோ எடையுள்ள, மின்மோட்டாரில் ஓடும் ரிமோட் விமானம் ஒன்று வைத்திருக்கிறேன். பருத்தி எடுத்து முடிந்த கரிசல் நிலத்தைச் சமன்செய்து அதில் பறக்கவிடுகிறோம். தரையிறங்கும்போது, லேண்டிங் கியரை, அதாவது சக்கரம் பூட்டிய கால்களைத் தாங்கும் பிளைவுட் பலகை விமானத்தின் வயிற்றிலிருந்து பிய்ந்து வந்துவிடுகிறது. மூன்று முறை ஃபெவிகுயிக் விட்டு ஒட்டியும் நிற்கவில்லை. இன்னும் தடிமனான பலகையைப் போட்டால் சரியாகுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: சரியாகாது. பலகை உடையவில்லை, பிய்ந்து வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தோற்றது பலகையைப் பிடித்திருந்த பால்சாவும் பசையும்தான். ஆகவே பலத்தை அங்கே கூட்ட வேண்டும்.

முதலில் விசையின் அளவைப் பாருங்கள். உங்கள் விமானம் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் கீழிறங்கித் தரையைத் தொடுவதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 11 செ.மீ. உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கியர் வளைந்துகொடுத்து 3 செ.மீ. தூரத்தில் அந்த வேகத்தை அடக்கினால், சராசரியாக 10 கிலோ எடைக்கு நிகரான விசையே பலகைக்கு வரும். அதே வேகத்தை, வளையாத கியர் அரை செ.மீ. தூரத்தில் அடக்கினால், அது 48 கிலோவாகிவிடும். கியரை விறைப்பாக்க வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் உங்கள் நிலத்தில் இதைவிடப் பெரிய எதிரி கரிசல் வெடிப்பு. ஓடிவரும் சக்கரம் வெடிப்பில் சிக்கினால், விசை மேல்நோக்கி அல்லாமல் பின்நோக்கி இழுக்கிறது. சக்கரம் பலகைக்கு 12 செ.மீ. கீழேயும் பலகையின் நீளம் 5 செ.மீ. ஆகவும் இருந்தால், கியர் ஒரு நெம்புகோலாக மாறி, சக்கரத்தில் விழும் விசையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசையுடன் பலகையின் முன்விளிம்பைக் கீழ்நோக்கிப் பிடுங்கும். பிய்ந்த இடத்தை உற்றுப் பாருங்கள். முன்விளிம்பே முதலில் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஃபெவிகுயிக் போன்ற பசைகள் விரைவில் இறுகினாலும் நொறுங்கும் தன்மை உடையவை. இப்படித் திடீரென்று பிடுங்கும் விசைக்கு அவை ஏற்றவை அல்ல.

பழுது பார்க்கும்போது, மேலுறையை உரித்து, நைந்த பால்சாவையும் பழைய பசையையும் நல்ல மரம் தெரியும்வரை நீக்கிவிடுங்கள். பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. பிறகு 1.5 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு துண்டுகள் வெட்டி, உடற்பகுதியின் இரு பக்கச் சுவர்களிலும் உட்புறமாக, பலகைக்கு முன்னுள்ள குறுக்குச் சட்டத்திலிருந்து பின்னுள்ள குறுக்குச் சட்டம்வரை ஒட்டுங்கள். பலகையில் விழும் விசை பால்சாவின் ஒரே கோட்டில் குவியாமல் சுவர் முழுவதும் பரவுவதற்கு இதுவே வழி. துண்டு குறுக்குச் சட்டத்தைத் தாண்டி நீளுமானால், அதன் முனையை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை சரியாக அந்த முனையில் சுவர் ஒடியும்.

பலகைக்கு 3 மி.மீ. பிர்ச் பிளைவுட் போதும். மேலடுக்கின் ரேகை ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குக் குறுக்காக ஓட வேண்டும். பலகையும் சுவரும் சேரும் உள்மூலையில் 10 மி.மீ. கடின மரச் சட்டம் ஒன்றை ஒட்டி, வெளிச்சுவரிலிருந்து அந்தச் சட்டத்துக்குள் 2 மி.மீ. துளையிட்டு, மூங்கில் குச்சிகளைப் பசையில் தோய்த்து இறக்குங்கள். பசை விட்டாலும் குச்சி பிடித்துக்கொள்ளும். இந்தச் சட்டத்துக்கு நம் பக்கம் எளிதில் கிடைப்பது தேக்கு. அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டும் பரப்பை அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

பசை, மெதுவாக இறுகும் எபாக்சியாக (இரண்டு பொருள்களைக் கலந்து பூசும் பசை) இருக்கட்டும். அரால்டைட்டில் ஐந்து நிமிட வகையைத் தவிர்த்து, சாதாரண வகையை வாங்கி ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் வையுங்கள். மதுரை வெயிலில், சாத்திய காருக்குள் விமானத்தை விட்டுச் சென்றால், இறுகிய எபாக்சியும் இளகக்கூடும். இத்தனையும் சேர்ந்து 40 கிராமுக்குள் அடங்கும். எடை மையத்துக்கு அருகிலேயே கூடுவதால் விமானத்தின் சமநிலை பெரிதாக மாறாது.

இனி மிக முக்கியமான ஒன்று. என் முதல் விமானத்தில் எல்லாவற்றையும் பலப்படுத்திவிட்டு, கியரை எஃகு போல்ட்டால் இறுக்கினேன். பலகை பிழைத்தது, அதைச் சுற்றியிருந்த வயிறு முழுவதும் பெயர்ந்து வந்தது. ஏதோ ஒன்று உடையத்தான் வேண்டும் என்றால், அது எது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். கியர் அலுமினியத் தகடாக இருந்தால், அதை 4 மி.மீ. நைலான் போல்ட்டுகளால் பொருத்துங்கள். சக்கரம் வெடிப்பில் சிக்கும்போது போல்ட் அறுந்து கியர் தனியே கழன்றுவிடும். விமானம் வயிற்றால் சறுக்கி நிற்கும். சாதாரணத் தரையிறக்கத்திலேயே போல்ட் அறுந்தால் மட்டும் 5 மி.மீ. போல்ட்டுக்கு மாறுங்கள். கூடவே சக்கரத்தையும் 75 மி.மீ. விட்டத்துக்குக் குறையாமல் மாற்றிக்கொண்டால், சிறிய வெடிப்புகளை அது தாண்டி உருண்டுவிடும்.

கேள்வி: தெர்மாகோலில் நானே செய்த விமானத்தில் கியர் கம்பி, செருகிய குழியை அகலப்படுத்திக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், சோழவந்தான்

பதில்: கம்பியை நேரடியாகத் தெர்மாகோலில் செருகக் கூடாது. உள்ளங்கை அகலத்தில் இரண்டு மெல்லிய பிளைவுட் துண்டுகளை வெட்டி, ஒன்றை மேலும் மற்றொன்றைக் கீழுமாக வைத்துத் தெர்மாகோலை நடுவே அணைத்து ஒட்டி, கம்பியைக் கீழ்த்துண்டில் பொருத்துங்கள். இங்கும் எபாக்சியே வேண்டும். ஃபெவிகுயிக் தெர்மாகோலைக் கரைத்துவிடும். சூட்டுப் பசையோ நண்பகல் வெயிலில் இளகிவிடும்.