லெகோ கட்டையில் நிலாக் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்கா மகன் கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். சம்பளத்தில் பெரும்பகுதியை லெகோ கட்டைகள் வாங்கியே கரைக்கிறான். போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது ஊசல் ஆடும் ஒரு கடிகாரத்தைக் காட்டினான். முழுக்க பிளாஸ்டிக் துண்டுகள்; அவனே யோசித்துச் செய்ததாம். “கடையில் முந்நூறு ரூபாய்க்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடைக்கும்” என்றேன். முகம் வாடிவிட்டது. ஆனாலும் கேட்கிறேன். மரத்திலோ களிமண்ணிலோ செய்பவர் ஒன்றுமில்லாததிலிருந்து உருவத்தைக் கொண்டுவருகிறார். இங்கே ஒவ்வொரு துண்டையும் தொழிற்சாலை பிசகாமல் செய்து தந்துவிடுகிறது. மாட்டுவது மட்டும்தான் பாக்கி. இதில் திறமை என்று எதைச் சொல்வது?

கே., சேலம்

அன்புள்ள கே.,

தொழிற்சாலை செய்து தருகிறது என்பது சரி. கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. மரவேலை செய்பவர் பொருந்தாத இடத்தில் இன்னும் கொஞ்சம் இழைத்துக்கொள்ளலாம். லெகோவில் தோய்ந்தவர்கள் பெரும்பாலும் வெட்டுவதில்லை, ஒட்டுவதில்லை. இருக்கிற துண்டுகளை வைத்துத்தான் இல்லாத அளவை வரவழைக்க வேண்டும்.

நான் பார்த்தவற்றில் என்னை மிகவும் அசத்தியது ஆண்ட்ரூ கரோல் செய்த இயந்திரம். அப்போது ஆப்பிள் நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளராக இருந்தவர் அவர். கிரேக்கத் தீவான ஆன்டிகிதெராவுக்கு அருகே மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 1901-இல் ஒரு வெண்கலக் கருவியை மேலே கொண்டுவந்தார்கள். சுமார் 2000 ஆண்டு பழமையானது. கைப்பிடியைச் சுற்றினால் சூரிய, சந்திரர்களின் நிலையையும் கிரகண நாட்களையும் காட்டும். அதைப்போலக் கிரகணத்தைக் கணிக்கும் இயந்திரத்தை கரோல் லெகோவில் கட்டினார். அதன் காணொளி 2010-இல் வெளிவந்தது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட பற்சக்கரங்கள்.

எங்கே சிக்கல் என்று பாருங்கள். 19 ஆண்டுகளில் நிலா விண்மீன்களுக்கு நடுவே 254 சுற்று வருகிறது. 254 என்பது 2 பெருக்கல் 127. கிரேக்கக் கைவினைஞர் 127 பற்கள் கொண்ட சக்கரத்தையே வெட்டிவிட்டார். கிரகணக் கணக்குக்கு 223 சந்திர மாதம் என்றொரு சுழற்சி உண்டு. அதற்கு 223 பற்கள். லெகோவில் பொதுவாகப் புழங்கும் சக்கரங்களுக்கோ 8, 12, 16, 20, 24, 36, 40 பற்கள்தான். இந்த எண்களை உடைத்தால் 2, 3, 5 தவிர வேறு பகா எண் கிடைக்காது. 127-உம் 223-உம் பகா எண்கள். சக்கரங்களைக் கோத்தால் விகிதங்கள் பெருகத்தான் செய்யும். ஆக, இந்தச் சக்கரங்களை எத்தனை கோத்தாலும் அவை வரவே வராது.

பெருக்கி வராததைக் கூட்டித்தான் கொண்டுவர வேண்டும். அதற்கு டிஃபரன்ஷியலைப் பயன்படுத்தினார் கரோல். லாரியின் பின் அச்சில் இருக்கிறதே, அதே சங்கதி. அதன் இரண்டு அச்சுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றினால், நடுக்கூடு இரண்டின் கூட்டுத்தொகையில் பாதி வேகத்தில் சுற்றும். உதாரணத்துக்கு, 127 என்பது 125-உம் 2-உம் சேர்ந்தது. 125 ஐந்தை மூன்று தடவை பெருக்கினால் வருவது. 40 பல் சக்கரம் 8 பல் சக்கரத்தைச் சுற்றினால் வேகம் ஐந்து மடங்கு. இரண்டு வேகத்தையும் டிஃபரன்ஷியலில் விட்டால் 127 கைக்கு வந்துவிடும், பாதியாக. அந்தப் பாதியை இரட்டிப்பாக்குவது சுலபம். எனக்கு இது விளங்கியபோது எழுந்து நடக்க வேண்டும்போல் இருந்தது.

அப்புறம், சிற்பம் மாதிரி உருவங்கள் செய்கிறவர்களின் கணக்கு வேறு. லெகோ கட்டையின் மேலே மாட்டுவதற்கென்று குமிழ்கள் இருக்கும். ஒரு குமிழின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் இடையே 8 மில்லிமீட்டர். மெல்லிய தட்டின் தடிமன் 3.2. ஐந்து தட்டுகளை அடுக்கினால் 16, அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். அந்த அடுக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் இரண்டு குமிழ் இடைவெளியில் கச்சிதமாக உட்காரும். முகத்தின் உதட்டோரத்தையும் காரின் முன்வளைவையும் படிக்கட்டுபோலத் தெரியாமல் கொண்டுவர இந்தச் சாய்ப்பு பெரிய உதவி.

பிரம்மாண்டம் என்னை அவ்வளவாக ஈர்ப்பதில்லை. 2013-இல் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் லெகோ நிறுவனமே 53 லட்சம் கட்டைகளால் ஒரு விண்வெளிப் போர் விமானத்தை நிறுத்தியது. உள்ளே எஃகுச் சட்டம். கரோலின் மேசைமேல் இருந்தது எனக்கு அதைவிடப் பெரியது.

இனி கடிகாரம். 60-ஐயும் 12-ஐயும் உடைத்தால் 2, 3, 5-தான் வரும். அதனால் கடிகார முட்களுக்கு லெகோ நன்றாகவே ஒத்துழைக்கும்: 40-க்கு 8, 36-க்கு 12, 24-க்கு 12, 40-க்கு 20 என நான்கு ஜோடி கோத்தால் அறுபது. ஆனால் ஊசலின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பல்லை மட்டும் நகரவிடும் பகுதி, எஸ்கேப்மென்ட், ஆளைப் பாடாய்ப் படுத்தும். பேரிங் கிடையாது, பிளாஸ்டிக் துளைக்குள் பிளாஸ்டிக் அச்சு சுழல்கிறது. உராய்வை வெல்ல, கடிகாரத்தை ஓட்டும் தொங்கு எடையைக் கூட்டினால் அச்சு வளையும். குறைத்தால் நின்றுவிடும். சொந்தமாக யோசித்து ஊசலை ஆடவிட்டிருக்கிறான் என்றால் உங்கள் மருமகன் இந்த இரண்டுக்கும் நடுவே வழி கண்டிருக்கிறான். இது பெட்டியோடு வரும் குறிப்பைப் பார்த்து மாட்டுகிற வேலை இல்லை.

செலவு பற்றிய கவலை நியாயமானது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை மத்திய அரசு 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கியது, 2023-இல் 70. பழைய துண்டுகளைத் தனித்தனியாக வாங்குவது பற்றி அவனிடம் பேசிப் பாருங்கள். இயந்திரம் கட்டுகிறவர்களுக்குப் புதுப் பெட்டியில் பாதி தேவைப்படாது.

அடுத்த முறை போகும்போது கடிகாரத்தின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு எடை தொங்குகிறது, ஒரு தடவை ஏற்றினால் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எஸ்கேப்மென்டை எப்படிச் செய்தான் என்று கேளுங்கள். முடிந்தால் படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.