டானிக் வாங்கும் முன் மருத்துவரைக் கை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்

கேள்வி: ஆறு ஜெர்சி கலப்பு மாடுகள் வைத்திருக்கிறேன். இரண்டுக்கு நான்கு தடவை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லை. இன்னொன்று ஊசி போட்டு நான்கு மாதம் ஆகிறது, மறுபடி பருவத்துக்கு வராததால் அது சினைதான். தீவனக் கடைக்காரர் 1,800 ரூபாய்க்கு டானிக்கும், பருவத்துக்கு வர ஒரு ஊசியும் தருகிறேன் என்கிறார். ஒரு மாட்டுக்குத் தீவனமே தினம் 200 ரூபாய் ஆகிறது. வாங்கலாமா? (பவானி பக்கத்து விவசாயி)

பதில்: வாங்காதீர்கள். நிற்காத இரண்டு மாடுகளுக்கும் அடுத்த பருவத்தில் பிறப்புறுப்பிலிருந்து வழியும் கோழையைக் கவனியுங்கள். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் சரி. கலங்கலாகவோ வெள்ளைத் துகளோடோ வந்தால் கருப்பையில் கிருமி இருக்கிறது, அதற்கு வைத்தியம் பார்க்காமல் ஐந்தாவது ஊசி போட்டாலும் வீண்தான். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. தாது உப்புக் கலவை தினம் 30 முதல் 50 கிராம் கொடுங்கள், அது போதும்.

எனக்குக் கவலை நீங்கள் பிரச்சினையே இல்லை என்று சொன்ன அந்த மூன்றாவது மாட்டைப் பற்றித்தான். பருவத்துக்கு வரவில்லை என்றால் சினை என்று அர்த்தமில்லை. சூலகம் வேலை செய்யாமல் கிடந்தாலும் வராது, நடுராத்திரியில் வந்து போயிருந்தால் நமக்குத் தெரியவும் தெரியாது. ஊசி போட்ட 60 முதல் 90 நாளுக்குள் மருத்துவர் ஆசனவாய் வழியாகக் கை போட்டு, கருப்பையைத் தொட்டுப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அது சினையில்லாமல் சும்மாதான் இருக்கிறது என்று இப்போது தெரியவந்தால், 120 நாளுக்கு 24,000 ரூபாய் தீவனம் போட்டுவிட்டு, அடுத்த ஈற்றையும் நான்கு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். தப்பவிடும் ஒவ்வொரு பருவத்துக்கும் 21 நாள் வீண், உங்கள் கணக்கிலேயே 4,200 ரூபாய். இந்தப் பணம் கையிலிருந்து எண்ணிக் கொடுப்பதில்லை என்பதால் யாருக்கும் உறைப்பதில்லை, ஆனால் மருத்துவருக்கு 300, 400 கொடுக்க மட்டும் மனசு வருவதில்லை.

கடைக்காரர் சொல்லும் பருவ ஊசியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பருவத்துக்கு வர வைக்கப் போடும் ஊசிகளில் புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் வகையும் ஒன்று. சினையாக இருக்கும் மாட்டுக்கு அதைப் போட்டால் கரு கலைந்துவிடும். மாட்டைப் பார்க்காமல், சினையா இல்லையா என்று தெரியாமல், கல்லாவில் உட்கார்ந்தபடி ஹார்மோன் ஊசி எடுத்துக் கொடுப்பவருக்கு உங்கள் தொழுவத்தைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை. கன்று கலைந்தால் அவர் வந்து நிற்கப் போவதில்லை.

மாடு படுத்த பிறகுதான் மருத்துவரைக் கூப்பிடுவது என்ற பழக்கத்தை விடுங்கள். கன்று ஈன முடியாமல் தவிக்கும்போது கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அடிக்கலாம், வண்டி வரும், அது அவசரத்துக்கு. ஆறு மாடு வைத்திருப்பவர் மாதம் ஒரு நாள் ஒரே மருத்துவரை வரச் சொல்லி, ஊசி போட்டு 60 நாள் தாண்டியவை, கன்று போட்டு 60 நாள் ஆகியும் பருவம் காட்டாதவை, பால் வற்றப் போகிறவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காட்டிவிட வேண்டும். அதற்கு ஒரு நோட்டு வேண்டும். ஈன்ற தேதி, பருவம் வந்த தேதி, ஊசி போட்ட தேதி, இவ்வளவுதான். நோட்டு இல்லாத பண்ணையில் எவ்வளவு கெட்டிக்கார டாக்டரும் குத்துமதிப்பாகத்தான் வைத்தியம் பார்க்க முடியும்.

இந்த வாரமே மூன்று மாடுகளையும் அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். போகும்போது நான்கு ஊசிகளும் போட்ட தேதிகளை எழுதி எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.