மேல்மாடியில் 6ஆம் தரம், சக்கர நாற்காலியில் மகள்: விடுகைப் பத்திரம் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஐயா, என் மகளுக்குப் பிறப்பிலிருந்தே கால்கள் இயங்காது. திருகோணமலை நகரில் உள்ள ஒரு மாகாணப் பாடசாலையில் 5ஆம் தரம் படிக்கிறாள். படிப்பில் குறையில்லை. 6ஆம் தர வகுப்புகள் மேல்மாடியில் நடப்பதால், “எங்களிடம் வசதியில்லை, விசேட கல்வி அலகு உள்ள பாடசாலை ஒன்றைப் பாருங்கோ, விடுகைப் பத்திரம் தாறன்” என்று அதிபர் போன கிழமை வாயால் சொன்னார். சட்டத்தில் எங்களுக்கு வழியுண்டா?

பதில்: உண்டு, அம்மா. முதலில், விடுகைப் பத்திரம் கேட்டு எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். வைத்தால், பெற்றோர் தாமாக விரும்பிப் பிள்ளையைக் கூட்டிச் சென்றார்கள் என்று பதிவாகிவிடும். பிறகு எங்கே முறையிட்டாலும் அந்தக் கையெழுத்தைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார்கள்.

வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, உங்களுக்குப் பொருந்தும் இரண்டு விடயங்களைத் தடுக்கிறது. வலுவிழப்பைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பது ஒன்று. மற்றவர்கள் போய்வரும் கட்டடத்தை வலுவிழந்தோர் பயன்படுத்தவிடாமல் கட்டுப்பாடு போடுவது மற்றொன்று. உங்கள் மகள் ஏற்கெனவே அந்தப் பாடசாலை மாணவி என்பதால் இரண்டாவதைத்தான் நான் முன்னிறுத்துவேன். பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி கட்டாயம் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளிவந்தன. அவற்றை மீறிப் புதிய பொதுக் கட்டடங்களுக்கு அனுமதி வழங்கக் கூடாதென்று உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிட்டது. ஆகவே அந்த மாடிக் கட்டடம் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பது முக்கியம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள்: கட்டிய ஆண்டு, அங்கீகரித்த வரைபடம், அணுகும் வசதிக்கு ஒதுக்கிய பணம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானம் தெரிவிக்க வேண்டும்.

விசேட கல்வி அலகு, கற்பதற்கே வேறு முறை தேவைப்படும் பிள்ளைகளுக்கானது. வகுப்போடு சேர்ந்து படிக்கும் பிள்ளையைப் படிக்கட்டு ஏற முடியாது என்பதற்காக அங்கே அனுப்புவதற்கு எந்த நியாயமும் இல்லை. இதைக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

கடிதம் அதிபருக்கு, பதிவுத் தபாலில். பிரதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. “வசதி செய்து தாருங்கள்” என்று பொதுவாக எழுதினால் “நிதி வந்ததும் பார்ப்போம்” என்றுதான் பதில் வரும். அளவோடு கேளுங்கள். முதல் கோரிக்கை காசே செலவில்லாதது: 6ஆம் தரத்தில் ஒரு பிரிவை முழுதாகக் கீழ்த்தளத்துக்கு இறக்குவது. மகளை மட்டும் நூலகத்திலோ அலுவலகத்திலோ தனியே இருத்திப் பாடம் கொடுப்பதை ஏற்காதீர்கள், அதுவும் ஒதுக்கல்தான். விஞ்ஞான ஆய்வுகூடம் மேலே இருந்தால், அந்தப் பாடவேளைக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள்.

அடுத்தது கீழ்த்தள வாசலுக்கான சாய்தளம். மூன்று படி, படிக்கு 15 சென்ரிமீற்றர் என்றால் உயரம் 45. 1:12 சரிவில், அதாவது ஒரு மடங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு மடங்கு நீளம் என்ற கணக்கில், அதற்கு 5.4 மீற்றர் நீளம் வேண்டும். இடமில்லை என்று 2 மீற்றரில் கட்டிவிடுவார்கள். அதில் பிள்ளை தானாக ஏற முடியாது, இறங்கும்போது நாற்காலி முன்பக்கம் கவிழும். மேலேயும் கீழேயும் நாற்காலி திரும்ப 1.5 மீற்றர் சமதளம், இரு பக்கமும் கைபிடி, வழுக்காத சொரசொரப்பான சீமெந்துப் பூச்சு. கடற்காற்றில் வெறும் இரும்புக் கைபிடி விரைவில் துருப்பிடித்துக் கையைக் கிழிக்கும், துருப்பிடிக்காத உருக்கைக் கேளுங்கள். படலையிலிருந்து வகுப்புவரை மணலென்றால் சக்கரம் புதையும், அதனால் சீமெந்துப் பாதையையும் சேர்த்துக் கேளுங்கள். மாரிமழைக்குச் சாய்தளத்தின் அடியில் தண்ணீர் தேங்காமல் வடிகாலும் வேண்டும்.

மலசலகூடத்தைக் கடைசி வரியில் எழுதாதீர்கள். உள்ளே 1.5 மீற்றர் திரும்பும் இடம், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, இருக்கையருகே பிடிகம்பி. கட்டி முடித்ததைக் களஞ்சிய அறையாக்கிப் பூட்டு போட்ட இடங்கள் உண்டு. அப்படியானால் பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வகுப்பில் இருக்கும்.

கடிதத்தில் பதிலுக்கு இரண்டு கிழமை கொடுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் கீழ் சமத்துவ உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே அவகாசம். அதிபர் வாயால் மறுத்த நாளிலிருந்தே எண்ணுங்கள். அந்தத் தேதியையும் அவர் சொன்ன வார்த்தைகளையும் இன்றே எழுதி வையுங்கள். அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட ஆணைக்குழுவின் கடிதமும் தேவைப்படும். இதில் தவறிப்போன மனுக்கள் பல. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்வது வேறொரு வழி. கொழும்புக்குப் போகாமல் இங்கேயே செய்யலாம்.

சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்க முடியாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். போகும்போது பிறப்புச் சான்றிதழ், வைத்திய அறிக்கை, மகளின் தேர்ச்சி அறிக்கைகள், கடிதப் பிரதியும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டும், அளவுநாடா பிடித்து எடுத்த படிக்கட்டுப் படம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள்.