மன்ஹாட்டன்ல சைனாடவுன் இருக்கும்போது ஃப்ளஷிங் எப்படி இவ்ளோ பெருசாச்சு?

ஃப்ளஷிங்ங்கறது நியூயார்க் நகரத்துல குயின்ஸ் பகுதியில இருக்கிற, சீனர்கள் நிறைய வாழற ஏரியா. நான் குயின்ஸ்லதான் இருக்கேன், காய்கறி வாங்க அடிக்கடி ஃப்ளஷிங் போறவன், அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

மன்ஹாட்டன் சைனாடவுன்ல இடம் பத்தாம மிச்சப் பேர் இங்க வந்துட்டாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்லைங்க. இங்க அஸ்திவாரம் போட்டவங்க தைவான்காரங்க. 1882ல சீனத் தொழிலாளிங்க உள்ளயே வரக்கூடாதுன்னு சட்டம் போட்ட நாடு அமெரிக்கா, 1943ல அதை எடுத்தப்பவும் வருஷத்துக்கு 105 பேருக்குத்தான் இடம் குடுத்தாங்க. 1965ல குடியேற்றச் சட்டம் மாறின பிறகுதான் கதவு திறந்துச்சு. 70கள்ல வந்த தைவான்காரங்கள்ல நிறைய பேர் படிச்சவங்க, கையில கொஞ்சம் காசும் இருந்துச்சு. ஆனா மன்ஹாட்டன் சைனாடவுன்ல கடை, சங்கம், பேச்சு எல்லாமே தென்சீனாவோட கேண்டனீஸ், இவங்க பேசுறது வேற சீன மொழியான மாண்டரின், அங்க போனாலும் வேத்து ஆளுதான். அந்த நேரம் நியூயார்க் நகரமே கடன்ல முழி பிதுங்கி நின்னுச்சு, ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்ல கடைங்க காலியா கிடந்துச்சு, வாடகை கம்மி, 7ஆம் நம்பர் ரயிலுக்கு இதுதான் கடைசி ஸ்டேஷன், காலைல ஏறினா சீட் பிடிச்சு மன்ஹாட்டன் வரைக்கும் உட்கார்ந்தே போயிடலாம். வேலைக்குப் போறவங்களுக்கு வேற என்ன வேணும்?

நம்மாளுங்களும் அதே சட்டத்தால வந்தவங்கதான், பௌன் ஸ்ட்ரீட் பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1977ல.

அப்புறம் கொரியாக்காரங்க, அதுக்கப்புறம் சீனாவுலேர்ந்தே ஃபூஜியான், வென்ஜோ, வடகிழக்குப் பக்கத்து ஜனங்கன்னு வந்து சேர்ந்தாங்க. இதைச் சாப்பாட்டுலயே பார்க்கலாம். கோல்டன் ஷாப்பிங் மால் அடித்தளத்துல ஒரு சின்னக் கடையில சீரகம் தூக்கலா ஆட்டுக்கறி போட்டு, கையால இழுத்த பட்டை நூடுல்ஸ் வித்தாங்க, அந்த ஷியான் ஃபேமஸ் ஃபுட்ஸ் இன்னிக்கு ஊர் பூரா கிளை வச்சிருக்கு. 2001ல நகர கவுன்சிலுக்கு முதல் ஆசிய அமெரிக்கரா ஜான் லியூவை ஜெயிக்க வச்சதும் இந்த ஏரியாதான், அவர் பிறந்தது தைவான்ல.

எனக்கு வருத்தம் என்னன்னா, குறைஞ்ச வாடகையால வளர்ந்த இடத்துல இப்ப கண்ணாடி அபார்ட்மெண்டா எழும்புது. ஓடைக்கரையில பெரிய கட்டடங்களுக்கு 2020 டிசம்பர்ல கவுன்சில் ஓகே சொல்லிடுச்சு, அங்க இருக்கிறவங்க எவ்வளவோ எதிர்த்தும். ஹோட்டல்ல பாத்திரம் கழுவிட்டு, ஒரு வீட்டைத் தடுத்துத் தடுத்து நாலஞ்சு பேரா தங்கியிருக்கிறவங்க அந்த வாடகையைக் குடுக்கவே முடியாது, அவங்களுக்குக் கட்டுப்படியாகுற வீடு நிறைய கட்டணும்னு கவுன்சில் முதல்லயே கறாரா கேட்டிருக்கணும்.