கூப்பர் ஹெவிட் எழுத்துருவில் தமிழைச் சேர்த்து விற்கலாமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய டிசைன் கடை வைத்திருக்கிறேன். நியூயார்க்கின் கூப்பர் ஹெவிட் அருங்காட்சியகம் தனக்கென்று செய்த எழுத்துருவை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருப்பதைப் பார்த்து இறக்கிக்கொண்டேன். ஒரு வாடிக்கையாளரின் லோகோவிலும் அவர் விற்கும் டி-ஷர்ட்டிலும் இதைப் போடலாமா? அவருடைய ஆப்பிலும் வேண்டுமாம். இதில் தமிழ் எழுத்து இல்லை. நானே வரைந்து சேர்த்து அந்த ஃபான்ட்டை விற்க முடியுமா?

பதில்: லோகோ, டி-ஷர்ட், ஆப் மூன்றிலும் தாராளமாகப் போடலாம். பணம் கட்ட வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தமிழைச் சேர்க்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. சேர்த்த ஃபான்ட்டைத் தனியாக விலை போட்டு விற்பதற்குத்தான் இடமில்லை.

கூப்பர் ஹெவிட், ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வடிவமைப்பு அருங்காட்சியகம். தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பழைய மாளிகையில் இருக்கிறது. பல ஆண்டு புதுப்பிப்பு வேலை முடிந்து 2014 டிசம்பரில் மறுபடி திறப்பதையொட்டி, அதே ஆண்டில் புதிய அடையாளத்தோடு இந்த எழுத்துருவும் வந்தது. அடையாளத்தை உருவாக்கியவர் பென்டகிராம் என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் எடி ஒபாரா, எழுத்துருவை வரைந்தவர் செஸ்டர் ஜென்கின்ஸ். ஜென்கின்ஸ் முன்பே செய்திருந்த போலாரிஸ் கண்டென்ஸ்டு என்ற எழுத்துருவைத் திருத்தித் தரத்தான் முதலில் கேட்டார்கள். அவர் புதிதாகவே ஒன்றை வரைந்துவிட்டார். அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பிலும் சேர்த்துக்கொண்டு, மூலக் கோப்புகளோடு வெளியே விட்டது. தனக்கென்று காசு கொடுத்துச் செய்வித்ததைத் திருத்தும் உரிமையோடு ஊருக்கே கொடுத்தது பெரிய மனசு. ஆப்பிளின் சான் ஃபிரான்சிஸ்கோ எழுத்துருவும் இலவசமாகத்தான் இறங்கும். ஆனால் ஆப்பிள் கருவிகளுக்கான திரை வடிவமைப்பைத் தாண்டி அதைப் பயன்படுத்த உரிமம் இடம் தருவதில்லை.

கூப்பர் ஹெவிட்டுக்கு இருப்பது எஸ்.ஐ.எல். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ், சுருக்கமாக ஓ.எஃப்.எல். அது கட்டுப்படுத்துவது ஃபான்ட் கோப்பை. அந்த எழுத்தால் நீங்கள் செய்யும் பொருளை அது தொடுவதே இல்லை. டி-ஷர்ட், பிளக்ஸ், அட்டைப்பெட்டி, பி.டி.எஃப். எதுவானாலும் உங்கள் இஷ்டம். அதில் அருங்காட்சியகத்தின் பெயரைப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. லோகோ விஷயத்தில் மட்டும் வாடிக்கையாளரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இதே எழுத்தை இன்னொரு கடைக்காரரும் எடுக்கலாம். ஒன்றிரண்டு எழுத்தின் வடிவத்தையாவது மாற்றி வரைந்தால்தான் லோகோ அவருக்கே உரியதாகத் தெரியும்.

ஆப்பில் கோப்பே உள்ளே போகிறது என்பதால் அங்கே உரிமம் பேசும். ஃபான்ட்டோடு வந்த காப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் ஆப்பில் எங்காவது, பெரும்பாலும் 'எங்களைப் பற்றி' பக்கத்துக்குள், வைத்துவிட்டால் போதும். ஆப்பைக் காசுக்கு விற்றாலும் தடை இல்லை. வெப்சைட்டுக்காக வோஃப் (WOFF) என்ற வெப் ஃபான்ட் வடிவத்துக்கு அப்படியே மாற்றுவதும் சரி. ஆனால் கோப்பைச் சிறிதாக்க வேண்டாத எழுத்துகளை வெட்டி எடுத்தால், அது திருத்திய ஃபான்ட் என்று கணக்காகிவிடும்.

அப்புறம் தமிழ். நீங்கள் சேர்த்துச் செய்யும் ஃபான்ட்டும் ஓ.எஃப்.எல். உரிமத்திலேயே வெளிவர வேண்டும். தனியாக விற்கக் கூடாது. ஆனால் வரைந்து கொடுக்கும் வேலைக்கு வாடிக்கையாளரிடம் கூலி வாங்கலாம், அதில் தவறே இல்லை. பெயரில் கவனமாக இருங்கள். உரிமக் கோப்பின் தலைப்பில் 'ஒதுக்கிவைத்த பெயர்' (Reserved Font Name) என்று ஏதாவது இருந்தால் அந்தப் பெயரைத் திருத்திய ஃபான்ட்டுக்கு வைக்கக் கூடாது. என் யோசனை, எப்படியிருந்தாலும் புதுப் பெயர் வைத்துவிடுவதுதான். அருங்காட்சியகமே ஆதரிக்கும் தமிழ்ப் பதிப்பு என்பது போல விளம்பரம் செய்யவும் கூடாது.

எல்லாவற்றையும் புதிதாக வரைய நேரமில்லை என்றால், ஓ.எஃப்.எல். உரிமத்தில் உள்ள ஒரு தமிழ் ஃபான்ட்டிலிருந்து எழுத்துகளை எடுத்து இதோடு இணைக்கலாம். இரண்டு காப்புரிமை வரிகளும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வரையத்தான் போகிறீர்கள் என்றால் மூன்று சுழி ண-வில் தொடங்குங்கள். கூப்பர் ஹெவிட் ஒடுக்கமான எழுத்து. அந்த அகலத்துக்குள் மூன்று சுழியை அடக்கினால் சின்ன அளவில் மை அடைத்துக்கொள்ளும். ண சரியாக வந்தால் ணை, ஞ, ஐ எல்லாம் எவ்வளவு அகலம் கேட்கும் என்பது பிடிபட்டுவிடும். உகர, ஊகார எழுத்துகள் பெரும்பாலும் மெய்க்கு மெய் வேறு வடிவம் எடுப்பதால் (கு, சு, மு, று பாருங்கள்) அவற்றை ஒவ்வொன்றாகத்தான் வரைய வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் போகிற வேலை இது. டி-ஷர்ட் ஆர்டருக்காக இறங்காதீர்கள்.

இப்போதைய ஆர்டருக்கு ஆங்கிலத்தைக் கூப்பர் ஹெவிட்டில் வைத்து, தமிழை கட்டமரான் அல்லது முக்தா மலரில் வையுங்கள். இரண்டும் ஓ.எஃப்.எல். கட்டமரானில் ஒன்பது தடிமன், முக்தா மலரில் ஏழு. ஆங்கிலத்தின் கனத்துக்கு ஒத்ததைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், ஃபான்ட்டின் 'போல்டு' என்ற பெயரை நம்பாதீர்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் பக்கத்தில் தமிழ் பெரிதாகத் தெரிந்தால் ஒன்றிரண்டு பாயின்ட் குறையுங்கள். ஆங்கிலம் ஒடுக்கமாக இருக்கிறதே என்று தமிழைப் பக்கவாட்டில் அமுக்குவது நம் கடைகளில் நிறைய நடக்கிறது. அமுக்கினால் நெட்டுக்கோடு மெலிந்து, படுக்கைக்கோடு தடித்தபடியே நிற்கும். துணியில் ஸ்கிரீன் பிரிண்ட் போடும்போது அந்த மெலிந்த கோடுதான் முதலில் விட்டுப்போகும். இடம் பற்றவில்லை என்றால் தமிழை இரண்டு வரியாக உடைத்துப் போடுங்கள்.